கைமாறிப்போன லொறியைத் தேடிக் கண்டுபிடித்தல்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்தவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையில் ஒரு வாகனத்துக்கு முதற்பதிவின்போது வழங்கப்படும் இலக்கம், அந்த வாகனம் எத்தனை பேரிடம் கைமாறினாலும் மாறுவதில்லை. உரிமையாளர் மாறுவார், நிறம் மாறும், எஞ்சின் மாறும், மரப் பெட்டி இருந்த இடத்தில் இரும்புப் பெட்டி ஏறும். இலக்கம் மட்டும் பதிவு நீக்கப்படும் வரை அதனுடனேயே இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன்னர் விற்ற லொறியை இன்று தேடிப் போகலாம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுதான். ஆனால் கிழக்கு மாகாணத்தில் லொறி ஒரு வழியாலும் அதன் பத்திரம் வேறு வழியாலும் போயிருப்பது மிகச் சாதாரணம் என்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டை மட்டும் நம்பித் தேடுபவர் பெரும்பாலும் பாதி வழியிலேயே நின்றுவிடுவார். பத்திரம் எதுவரை உண்மை சொல்கிறதோ அதுவரை பத்திரத்தின் பின்னாலும், அதற்கு அப்பால் அந்த லொறியில் வேலை செய்தவர்களின் பின்னாலும் போவதே பயன் தரும் முறை.

தேடுவதற்கான காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். தகப்பனார் ஓட்டிய பெட்போர்ட் லொறியைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று சிலர் தேடுகிறார்கள். விற்று வெகுகாலமான பின்பும் தமது பெயருக்கு வழக்குக் கடிதம் வருவதால் வேறு சிலர் தேடுகிறார்கள். இரண்டாவது வகையினர் கீழே உள்ள படிகளை ஒத்திவைக்காமல் உடனே செய்ய வேண்டும். முதல் வகையினர் ஆறுதலாகச் செய்யலாம்.

முதற்படி: வீட்டில் இருப்பதைத் திரட்டுதல்

வெளியே ஒருவரிடமும் கேட்பதற்கு முன்னர், லொறியைப் பற்றி உங்களிடம் உள்ள எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பதிவு இலக்கம், செசி இலக்கம் (லொறியின் அடிச்சட்டத்தில் கொத்தப்பட்ட இலக்கம்), எஞ்சின் இலக்கம், தயாரிப்பு நிறுவனம், மாதிரி, தயாரித்த ஆண்டு, விற்ற ஆண்டு, வாங்கியவரின் பெயரும் ஊரும், இடையில் நின்ற தரகரின் பெயர் ஆகியவை முதன்மையானவை. நினைவில் இருப்பதை முதலில் எழுதிவிட்டுப் பின்னரே பத்திரங்களைப் பாருங்கள். இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்பது பின்னர் உதவும்.

பதிவுச் சான்றிதழின் பிரதி இல்லாதவர்கள் பழைய வரிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், லீசிங் ஒப்பந்தம், தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைத் தேட வேண்டும். இவற்றுள் லீசிங் ஒப்பந்தமே மிகுந்த பயனுடையது. கடன் கொடுத்த நிறுவனம் செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் தவறாமல் எழுதியிருக்கும். புகைப் பரிசோதனை 2008ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முன்னர் விற்றவர்களிடம் அந்த அறிக்கை இருக்காது.

1978 நவம்பரில் அடித்த சூறாவளி, 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோள் ஆகியவற்றில் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் இந்த இரு மாவட்டங்களிலும் ஏராளம். அத்தகையவர்களுக்குப் புகைப்படங்களே பத்திரம். கலியாண வீட்டு அல்பம், மாமாங்கத் தீர்த்தத்துக்குச் சனம் ஏற்றிப் போன நாளில் எடுத்த படம், பிள்ளையைப் பொனற்றின் மேல் இருத்தி எடுத்த படம் என்று எதையும் விடாமல் பாருங்கள். இலக்கத் தகடு முழுதாகத் தெரியாவிட்டாலும் இரண்டு எண்கள் தெரிந்தால் போதும், மிகுதியை வேறு வழிகளில் நிரப்பலாம். பல லொறிகளின் பக்கவாட்டில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் வெற்று நிறையும் எழுதப்பட்டிருக்கும் என்பதால், பக்கவாட்டுப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது வீண்வேலை அல்ல.

யுத்தத்தில் லொறி சேதமடைந்ததாக இழப்பீடு கோரியவர்கள், அக்காலத்தில் ரெப்பியா என்று அழைக்கப்பட்ட புனர்வாழ்வு அதிகாரசபைக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியைத் தேட வேண்டும். வாகன இலக்கமும் பொலிஸ் முறைப்பாட்டின் விபரமும் அதில் இருக்கும். அந்தப் பணிகள் இப்போது 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகத்தைச் சேர்ந்தவை.

இலக்கத்தை வாசித்தல்

1950களின் பிற்பகுதிக்கு முன்னர் பதிவான லொறிகளின் இலக்கங்கள் ஆங்கில எழுத்துகளைக் கொண்டவை. அதன் பின்னர் நடுவில் ஸ்ரீ எழுத்து வந்தது. அந்த எழுத்துக்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் எழுந்த போராட்டத்தை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஸ்ரீக்குப் பின்னர் எண்களும் நடுவில் ஒரு கோடும் மட்டும் கொண்ட தொடரும், 2000ஆம் ஆண்டளவில் இரட்டை ஆங்கில எழுத்துத் தொடரும் வந்தன. இரட்டை எழுத்துத் தொடரில் லொறிகளின் இலக்கம் 'எல்' என்ற எழுத்தில் தொடங்கும். எனவே உங்கள் லொறி எந்தக் காலத்தில் முதலில் பதிவானது என்பது தெரிந்தால், மங்கலான படத்தில் தெரியும் எழுத்து எதுவாக இருக்கலாம் என்பதைக் கணித்துவிடலாம்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எழுத்துத் தொடருக்கு முன்னால் இருந்த 'ஈ.பி.' என்ற கிழக்கு மாகாண எழுத்துகள் இலக்கத்தின் பகுதி அல்ல. லொறி குருநாகலுக்கு விற்கப்பட்டு அங்கே மாற்றப்பட்டிருந்தால் அதே இலக்கத்தின் முன்னால் 'என்.டபிள்யூ.' என்று இருக்கும். அண்மைக்காலத் தகடுகளில் மாகாண எழுத்துகள் இடப்படுவதும் இல்லை. ஆகவே தேடும்போது மாகாண எழுத்துகளை விட்டுவிட்டு மிகுதியை மட்டும் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் படி: திணைக்களமும் பிரதேச செயலகமும்

உரிமைப் பதிவும் வரிப்பத்திரமும் வெவ்வேறு கைகளில் உள்ளவை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். உரிமைப் பதிவு 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு உரியது; அதன் தலைமையகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ளது, மாவட்ட அலுவலகங்களும் உண்டு. ஆண்டுதோறும் எடுக்கும் வரிப்பத்திரமோ மாகாண சபைக்கு உரியது; அதைப் பிரதேச செயலகத்தில் கொடுக்கிறார்கள். ஓரிடத்தில் கேட்க வேண்டியதை மற்றோரிடத்தில் கேட்டு அலைவோர் பலர்.

திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவு இலக்கத்தைக் கொடுத்தால் வாகனத்தின் அடிப்படை விபரங்களைப் பார்க்கலாம். உரிமையாளரின் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள். மாதிரியும் எஞ்சின் இலக்கமும் உங்கள் குறிப்புடன் பொருந்துகின்றனவா, லொறியின் மீது ஏதாவது நிதி நிறுவனம் முழு உரிமையாளராக, அதாவது கடன் தீரும் வரை உரிமை வைத்திருப்பவராக, பதிவாகியுள்ளதா என்ற இரண்டையும் கவனியுங்கள். நீங்கள் கடன் எதுவும் இல்லாமல் விற்ற லொறிக்கு இப்போது ஒரு நிதி நிறுவனம் முழு உரிமையாளராக இருந்தால், உங்களுக்குப் பின்னர் குறைந்தது ஒருவராவது முறைப்படி தன் பெயருக்கு மாற்றியிருக்கிறார், லொறியும் கடன் கொடுக்கத் தக்க நிலையில் இருந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அதற்கு அப்பால், உரிய கட்டணம் செலுத்திப் பதிவேட்டுச் சாற்றுக்கு (பதிவேட்டில் உள்ள விபரங்களின் பிரதிக்கு) விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துடன் உங்கள் அடையாள அட்டைப் பிரதியையும், நீங்கள் முன்னாள் உரிமையாளர் என்பதைக் காட்டும் ஏதாவது ஒரு பத்திரத்தையும், தேடுவதற்கான காரணத்தை நேர்மையாகச் சொல்லும் ஒரு கடிதத்தையும் இணையுங்கள். "எனது பெயரில் பதிவு இன்னும் உள்ளதா?" என்று கேட்பதும் "இப்போது யாருடைய பெயரில் உள்ளது?" என்று கேட்பதும் ஒன்றல்ல. முதலாவது உங்களைப் பற்றிய தகவல். அதைக் கேட்பதற்கு உங்களுக்குத் தெளிவான நியாயம் உண்டு. இரண்டாவது வேறொருவரின் தனிப்பட்ட தகவல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும் என்றாலும், தனிப்பட்ட தகவலை மறுப்பதற்கும் அதே சட்டம் இடமளிக்கிறது. ஆகவே முதற்கேள்வியைத் தனியாகக் கேட்டுப் பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வதே நல்லது. தெரிந்த எழுதுவினைஞருக்குக் காசு கொடுத்துப் பெயரை எடுத்துத் தருவதாகச் சொல்பவர்கள் எப்போதும் கிடைப்பார்கள். அவ்வழியே போக வேண்டாம், குற்றம் என்பதோடு அப்படிக் கிடைக்கும் பெயரை வைத்து எங்கும் பேசவும் முடியாது.

பதிவு இன்னும் உங்கள் பெயரில் இருந்தால்

லொறி விற்ற பலருக்கு வரும் பதில் இதுதான். காரணம் ஓப்பன் பேப்பர். விற்பவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் கொடுத்துவிடுவார். வாங்கியவர் உரிமை மாற்றக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காக அப்படியே வைத்திருந்து அடுத்தவருக்கு விற்பார். மூன்றாமவரும் அதையே செய்வார். காத்தான்குடியில் விற்ற லொறி சம்மாந்துறைக்குப் போய், அங்கிருந்து பொத்துவிலுக்குப் போய், அதற்குப் பின் மலைநாட்டுக்குப் போயிருக்கலாம். பதிவேட்டைப் பொறுத்தவரை அது இன்னும் உங்கள் முற்றத்தில் நிற்கிறது.

இது தேடலுக்கும் தடை, உங்களுக்கும் ஆபத்து. விபத்து நடந்தாலோ, அனுமதியில்லாமல் மணலோ மரமோ ஏற்றிப் பிடிபட்டாலோ, முதலில் அழைக்கப்படுபவர் பதிவு உரிமையாளரே. உடைமை மாறியதை விற்றவர் 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கான படிவம் எம்.டி.ஏ. 8, வாங்குபவர் நிரப்புவது எம்.டி.ஏ. 6. காலம் கடந்திருந்தாலும் அறிவிப்பதே மேல். விற்ற திகதி, பெற்ற தொகை, வாங்கியவரின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வழக்குக் கடிதம் ஏற்கெனவே வந்திருந்தால் சட்டத்தரணி ஒருவரைக் கண்டு பேசிய பின்னரே மேற்கொண்டு தேட வேண்டும்.

பெயர் உங்களுடையதாக இருப்பதால் லொறியும் உங்களுடையது என்று எண்ணி, கண்ட இடத்தில் மறித்து எடுத்துவர முயல்வது பெரும் தவறு. நீங்கள் விலை வாங்கிவிட்டீர்கள். இன்று அதை வைத்திருப்பவரும் விலை கொடுத்தே வாங்கியிருக்கிறார்.

மூன்றாம் படி: வேலை செய்தவர்களிடம் கேட்டல்

பத்திரம் மௌனமாகிவிட்ட இடத்திலிருந்து தேடலின் பெரும்பகுதி தொடங்குகிறது. லொறியை வாங்கியவர் அதை மறந்துவிடக்கூடும். கைவைத்து வேலை செய்தவர் இலகுவில் மறப்பதில்லை. கராஜ் பாஸ், வெல்டிங் பட்டறைக்காரர், பெட்டி அடித்த தச்சர், பெயர் எழுதிய பெயின்டர், ரயர்க் கடைக்காரர், சாரதி, கிளீனர் என்ற வரிசையில் போங்கள். இவர்களுள் நான் முதலிடம் கொடுப்பது கிளீனருக்கே. அன்று பதினெட்டு வயதுப் பையனாக இருந்தவர் இன்று எங்கோ சொந்தமாக டிப்பர் வைத்திருப்பார், யார் யாரிடம் எந்த லொறி போனது என்பதை விரல்விட்டுச் சொல்வார்.

கேட்கும்போது இலக்கத்தை மட்டும் சொன்னால் போதாது. அடையாளம் சொல்ல வேண்டும். 'நீல நிற டாட்டா' என்றால் யாருக்கும் விளங்காது, ஆயிரம் நீல டாட்டா ஓடியிருக்கின்றன. முகப்பில் என்ன எழுதியிருந்தது, செசியில் எந்த இடத்தில் ஒட்டு விழுந்தது, எந்த எஞ்சினைக் கழற்றி எதைப் பூட்டினீர்கள், பெட்டி எத்தனை அடி, அது எந்தப் பட்டறையில் அடித்தது என்று சொல்லுங்கள். முகப்பில் எழுதிய வாசகம் பலருக்குப் பெயராகவே நின்றிருக்கும்: முருகன் துணை லொறி, மாஷா அல்லாஹ் லொறி, பிள்ளையின் பெயரெழுதிய லொறி என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

எங்கே கேட்பது என்பது லொறி என்ன வேலை செய்தது என்பதைப் பொறுத்தது. நெல் ஏற்றிய லொறி என்றால் சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்து அரிசி ஆலைகளில் தொடங்கி, பொலன்னறுவை ஆலைகள், கம்பஹா மாவட்டத்தின் மரந்தகஹமுல அரிசிச் சந்தை வரை விசாரிக்கலாம். மீன் லொறி என்றால் வாழைச்சேனையும் பேலியகொடையும். மரக்கறி என்றால் தம்புள்ளை. வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு வைக்கோல் ஏற்றியதென்றால் ஓட்டமாவடி, வாழைச்சேனை ஊர்களின் பழைய ஓட்டக்காரர்களைப் பிடியுங்கள். ஹிங்குராணைக் கரும்புக்கு ஓடியிருந்தால் அம்பாறைச் சிங்களச் சாரதிகளிடம் கேட்க வேண்டும்; அங்கே சிங்களம் தெரிந்த ஒருவருடன் போவது மரியாதையாகவும் இருக்கும், வேகமாகவும் முடியும்.

போகும் காலமும் முக்கியம். பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் வெளியூர் லொறிகளும் உள்ளூர் லொறிகளும் வயல்வெளி வீதிகளில் ஒன்றுகூடும். பட்டிருப்பு, வெல்லாவெளி, வவுணதீவு, சம்மாந்துறை வெளிகளின் ஓரத்தில் நெல் ஏறும் வரை சாரதிகளுக்குப் பேச நேரம் இருக்கும். வேலை நெருக்கும் காலைப் பொழுதில் கராஜுக்குப் போய்ப் பழங்கதை கேட்பவருக்கு 'தெரியாது' என்ற பதில்தான் கிடைக்கும்.

ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாக எப்போது கண்டீர்கள், அப்போது யார் ஓட்டினார்கள், என்ன ஏற்றினார்கள். 'அது எப்போதோ உடைச்சுப் போட்டாங்க' என்று ஒருவர் சொன்னால் அதை முடிவாகக் கொள்ளாமல், யார் உடைத்தது, எந்தப் பழைய இரும்புக் கடையில் போட்டது என்று கேளுங்கள். சொல்பவருக்கு அது தெரியாவிட்டால் அவர் கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறார்.

இணையத்தில் தேடுதல்

இக்மன், ரியாசேவன போன்ற தளங்களின் லொறி விளம்பரங்களை உங்கள் லொறியின் மாதிரியையும் ஆண்டையும் கொடுத்து அவ்வப்போது பாருங்கள். விளம்பரப் படங்களில் சிலர் தகட்டை மறைப்பார்கள். பெட்டியின் வேலைப்பாடும் முன் கம்பியின் வடிவும் மறைவதில்லை. முகநூலில் பழைய லொறி விரும்பிகளின் குழுக்களில் உங்கள் பழைய படத்தை இடலாம். இலக்கத்தை முழுமையாக வெளியிடாமல் கடைசி இரண்டு எண்களை மறைத்துவிடுங்கள்; உண்மையாகக் கண்டவர் அந்த இரண்டையும் தாமாகச் சொல்வார், பணம் பறிக்க வருபவரால் சொல்ல முடியாது. வாங்க விரும்புவதாகப் பகிரங்கமாக எழுதினால் விலை ஏறும்.

நான்காம் படி: அதே லொறிதானா?

இலக்கத் தகடு பொருந்தினால் லொறியும் பொருந்திவிட்டது என்று கொள்ள முடியாது. சிதைந்துபோன லொறியின் பதிவுப் புத்தகத்தை மட்டும் விலைக்கு வாங்கி, பத்திரமில்லாத வேறொரு லொறிக்கு அந்த இலக்கத்தைப் பூட்டி ஓட்டும் களவு இந்த நாட்டில் உண்டு. எஞ்சின் இலக்கம் பொருந்தாததை மட்டும் வைத்து லொறி வேறு என்று சொல்லவும் முடியாது. பழைய லொறிகளில் எஞ்சின் மாற்றாதது அரிது. உறுதியான சாட்சி செசி இலக்கம் ஒன்றே.

பெரும்பாலான ஜப்பானிய லொறிகளில் அது வலது பக்க நீளச் சட்டத்தில், முன் சக்கரத்தின் அருகே கொத்தப்பட்டிருக்கும். இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கன்டர் போன்றவற்றில் 'என்.கே.ஆர்.', 'எஃப்.ஈ.' போன்ற மாதிரிக் குறியும், ஒரு சிறு கோடும், அதன் பின் தொடரிலக்கமும் இருக்கும். கெபினுக்குள் அறைந்திருக்கும் தகட்டை இரண்டாம் சாட்சியாக மட்டும் வையுங்கள். தகட்டைக் கழற்றிப் பூட்டலாம்.

உரிமையாளரின் அனுமதியுடன், மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் சேற்றையும் கிறீசையும் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண்கள் தாளில் விழும். அரமோ கம்பித் தூரிகையோ மண்தாளோ கொண்டு சுரண்ட வேண்டாம். இலக்கத்தைச் சுற்றிச் சுரண்டிய தடம் இருந்தால் பரிசோதகர் அதை இலக்கத்தைத் திருத்திய அடையாளமாகவே பார்ப்பார், அந்தத் தொல்லை இன்றைய உரிமையாளரின் தலையில் விழும்.

உரிமையாளரை அணுகுதல்

பழைய உரிமையாளர் ஒருவர் தேடி வந்தால் எவருக்கும் முதலில் வருவது சந்தேகம்: கடனா, வழக்கா, களவு முறைப்பாடா? ஆகவே முதல் வாக்கியத்திலேயே அந்தப் பயத்தைத் தீர்த்துவிட வேண்டும். "காக்கா, இந்த லொறி முந்தி எங்கட வாப்பாட லொறி, ஒருக்காப் பாத்துப்போட்டுப் போகத்தான் வந்த" என்றோ, "அண்ணன், வேற ஒரு பிரச்சினையும் இல்ல" என்றோ தொடங்கி, பழைய படத்தைக் கையில் கொடுங்கள். படத்தின் பிரதி ஒன்றை அவருக்கென்று கொண்டுபோவது நல்லது. முன்னறிவிப்பில்லாமல் நாலைந்து பேராகப் போக வேண்டாம்.

திரும்ப வாங்கும் எண்ணம் இருந்தால் முதற்சந்திப்பில் விலை பேசாதீர்கள். இரண்டாம் சந்திப்புக்கு முன்னர், முழு உரிமையாளர் நீக்கப்பட்டுள்ளாரா, வரிப்பத்திரம் எத்தனை ஆண்டு நிலுவையில் உள்ளது, தகுதிச் சான்றிதழ் கிடைக்கும் நிலையில் லொறி உள்ளதா, எஞ்சின் மாற்றம் திணைக்களத்தில் பதிவாகியுள்ளதா என்பவற்றைப் பாருங்கள். வரிப்பத்திர நிலுவை சில வேளைகளில் விலையில் கணிசமான பங்காகிவிடும். அதை யார் கட்டுவது என்பதை விலையுடன் சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும். இம்முறை ஓப்பன் பேப்பருக்கு உடன்படாதீர்கள்.

லொறி இனி இல்லை என்று தெரிந்தால்

சில தேடல்கள் பழைய இரும்புக் கடையில் முடியும், சில கடற்கோளில் முடியும், சில யுத்தக் காலத்தில் பறிக்கப்பட்ட இடத்திலேயே முடியும். லொறி போனாலும் அதன் பாகங்கள் போவதில்லை; பின் அச்சு ஒரு டிரெய்லரின் அடியிலும், பெட்டியின் பலகை ஒரு வாடியின் சுவரிலும் இருப்பது புதுமை அல்ல, கேட்டுப் பார்க்கலாம். பதிவு வேறொருவரின் பெயரில் இருந்தால் மேற்கொண்டு செய்ய வேண்டியது எதுவுமில்லை. உங்கள் பெயரில் இருந்தால், லொறி அழிந்த விதத்தைப் பொலிஸ் நிலையத்தில் பதிவுசெய்து, அந்த முறைப்பாட்டின் பிரதியுடனும் கையில் மிஞ்சிய பத்திரங்களுடனும் பதிவை நீக்குமாறு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கள். பழைய இலக்கத் தகடு வீட்டில் இருந்தால் அதை எவருக்கும் விற்காமலும் கொடுக்காமலும் திணைக்களத்திடமே ஒப்படையுங்கள்.